மழை விட்ட பிறகு சரியும் மண்: மேட்டுக்காணியில் வீடு கட்ட வருபவர்களுக்கு

எங்கள் அடுப்படிக்குப் பின்னால் இருந்த மண்மேடு மழைக்குள் சரியவில்லை. கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை வெயில் எறித்தது. அம்மா உடுப்புக் காயப்போடக் கயிறு கட்டிவிட்டு உள்ளே வந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பெரிய பாய் ஒன்றைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கயிறும் இல்லை, கயிறு கட்டிய முருங்கையும் இல்லை. எட்டடி உயரமாக வெட்டியிருந்த மண்முகத்தில் பன்னிரண்டடி நீளத்துக்கு, இரண்டடி தடிப்பில் மண் பிரிந்து வந்து அடுப்படிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. கணக்குப் பார்த்தால் இரண்டு கியூப் மண் (ஒரு கியூப் என்பது நூறு கனஅடி). ஊறிய மண் என்பதால் பத்துத் தொன்னுக்குக் குறையாது.

மண்சரிவு என்றவுடன் நாங்கள் பதுளையையும் நுவரெலியாவையும்தான் நினைக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மண் மூடியதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகத்தில் நூற்றுக்கணக்கானோர் மண்ணுக்குள் போனதும் யாருக்கும் மறக்காது. எங்கள் திருகோணமலையில் அந்த அளவு மலையும் இல்லை, அந்த அளவு சரிவும் வராது. ஆனால் உவர்மலைப் பக்கம் வீட்டு வளவுக்காகப் பெக்கோவால் வெட்டிய ஆறடி, எட்டடி மேடுகள் எத்தனை இருக்கின்றன என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அதோடு கிரவல் எடுத்துவிட்டு அப்படியே விட்ட குழிகள், மணல் தரையில் தோண்டும் கிணறுகள், பள்ளக்காணியை நிரப்பிய மண், குளக்கட்டுகள். ஒரு மனிதரை மூட எட்டடி மண் வேண்டாம், இடுப்பளவு போதும். மேட்டுக்காணியைப் பற்றி எதுவும் தெரியாமல் புதிதாக வருபவர்களுக்காக, எங்களுக்கு நடந்ததற்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மழை மண்ணுக்குள் என்ன செய்கிறது

இதை விளங்கிக்கொள்ளாமல் மதில் கட்டப் போனால் காசுதான் வீண். டச்பே கடற்கரைக்குப் போய்க் காய்ந்த மணலை ஒரு கை அள்ளிக் குவியுங்கள். குவியல் தானாக ஒரு சாய்வில் நிற்கும், முப்பது பாகைக்குச் சற்று மேல். அதற்கு மேல் நிமிர்த்த முடியாது. இப்போது ஈரமணலை அள்ளுங்கள். செங்குத்தாகவே நிற்கும், பிள்ளைகள் கோட்டையே கட்டுவார்கள். அந்தக் கோட்டைக்கு மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்தில் கூழாகிப் படுத்துவிடும்.

மூன்றும் ஒரே மணல்தான். ஈரமணலில் மணிகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருக்கின்றன. அந்தக் கொஞ்சத் தண்ணீர் மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மேட்டுக்காணியில் வெட்டிய மண் கோடை முழுக்கச் சுவர்போல நிற்பதற்கும் பெரும்பாலும் இந்தப் பிடிதான் காரணம். மழை இறங்கி இடைவெளிகளெல்லாம் தண்ணீரால் நிரம்பினால் அந்தப் பிடி இல்லாமல் போய்விடும். கோடையில் காணி பார்க்க வந்து, "இந்த மண் கல்லு மாதிரி நிக்குது" என்று சொல்லும் தரகரின் பேச்சை நம்பாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, கோடை மண்ணைப் பார்த்துச் சொல்கிறார்.

இரண்டாவது இன்னும் மோசம். மண் சரியாமல் நிற்பது மணிகள் ஒன்றையொன்று அழுத்தி உரசிக்கொண்டிருப்பதால். நிரம்பிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லை என்றால் அது மணிகளுக்கு நடுவே அழுத்தம் கொடுக்கத் தொடங்குகிறது. கடலில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று பாருங்கள். கால் தரையில்தான் இருக்கிறது, ஆனாலும் சின்ன அலைகூட இழுத்துவிடும். உங்கள் நிறை குறையவில்லை. அதில் ஒரு பங்கைத் தண்ணீர் தாங்குவதால் கால் தரையை அழுத்துவது குறைந்துவிட்டது. மண்ணுக்குள் நடப்பதும் இதுதான். 1920களில் இதைக் கணக்காக்கிக் காட்டியவர் கார்ல் தெர்சாகி. இன்றுவரை மண்பொறியியலில் அணைக்கட்டு, அத்திவாரம், சாய்வு எல்லாம் அந்தக் கணக்கில்தான் போகின்றன. அதன்படி, காய்ந்திருக்கும்போது 34 பாகையில் நிற்கக்கூடிய மணல்மேடு, மேற்பரப்பு வரை தண்ணீர் நிரம்பி சாய்வோடு ஊறி இறங்கினால் 18, 19 பாகைக்கு மேல் நிற்காது. கிட்டத்தட்டப் பாதி.

மூன்றாவது நிறை. ஒரு கனமீற்றர் மண் காய்ந்திருந்தால் 1.6 தொன் அளவில் இருக்கும், ஊறினால் 1.9, 2 தொன்னுக்குப் போகும். எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். என் கணிப்பில் மூன்றிலும் சின்னக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் எங்கள் மேடு வெயில் வந்த பிறகு ஏன் விழுந்தது? மேல்மண்ணில் விழுந்த மழை கீழே பாறை வரை இறங்க நேரம் எடுக்கிறது. களி கலந்த கிரவலில் மெதுவாக, ஒரு நாள், இரண்டு நாள் என்று இறங்கும். பாறையைத் தொட்டதும் அதற்கு மேல் போக இடமில்லை, அங்கேயே தேங்கிக் கீழிருந்து மேலாக நிரம்பும். மேலே வெயில் எறிக்கும் நேரத்தில் அடியில் தண்ணீர் உயர்ந்துகொண்டிருக்கிறது. மணல்மண் இதற்கு நேர்மாறு. ஒரு மணி நேரக் கொட்டுமழையே அதற்குப் போதும், தண்ணீர் வடிவதும் கெதியாக வடிந்துவிடும். ஆகவே மணல்மேடு கடும்மழைக்குப் பயப்பட வேண்டிய மேடு, களிமேடு நீண்ட மழைக்குப் பயப்பட வேண்டிய மேடு.

எங்கள் ஊரின் மழை இரண்டு விதத்திலும் வருகிறது. திருகோணமலைக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 1,500 மி.மீ. மழை. அதில் 700 மி.மீ. அளவு நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டு மாதங்களில் மட்டும் கொட்டுகிறது. அதற்கு முன் மாதக்கணக்கில் கச்சான் காற்று அடித்து நிலம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். முதல் மாரி மழை நேராக அந்த வெடிப்புகளுக்குள்தான் இறங்குகிறது. ஒரு மீற்றர் ஆழ வெடிப்பில் தண்ணீர் நிரம்பினால், வெடிப்பின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் அது மண்ணை அரைத் தொன் விசையோடு வெளியே தள்ளும். இரண்டு மீற்றர் ஆழமென்றால் ஒரு தொன் அல்ல, இரண்டு தொன். ஆழம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்காகிறது.

முதல் வேலை: மேட்டைச் சுற்றி நடவுங்கள்

இதைப் புரட்டாதிக்குள் செய்துவிடுங்கள். அளவுநாடா, நாலடி நேரான பலகை ஒன்று, போன், ஒரு கொப்பி போதும்.

பலகையைச் சாய்வின் மேல் படுக்க வைத்து, அதற்கு மேல் போனை வைத்தால் பாகை காட்டும் செயலி சாய்வைச் சொல்லிவிடும். உயரத்தையும் அளந்து எழுதுங்கள். அப்புறம் மேட்டின் அடிக்கும் வீட்டுச் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மேட்டின் உயரம் அளவுக்காவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது என் அளவு. எங்கள் வீட்டில் எட்டடி மேட்டுக்கு மூன்றரை அடிதான் இருந்தது.

அடுத்து மேல் விளிம்புக்கு ஏறுங்கள். பெரும்பாலானோர் கீழே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், விசயம் மேலேதான் இருக்கிறது. விளிம்புக்கு இணையாக, ஓரடி இரண்டடி உள்ளே தள்ளி ஒரு கோடுபோல வெடிப்பு ஓடுகிறதா? கோடை வெடிப்பு எல்லாத் திசையிலும் வலைபோலப் பரவும். சரியப்போகும் மண்ணின் வெடிப்பு விளிம்போடு சேர்ந்து வளைந்து போகும், அதன் வெளிப்பக்கம் அரை அங்குலமாவது தாழ்ந்திருக்கும். விரலை வைத்துத் தடவினால் படி தெரியும். அந்தப் படி தெரிந்தால் மற்ற வேலைகளை விட்டுவிட்டு, இதைப் பார்க்கத் தெரிந்த பொறியியலாளர் ஒருவரை முதலில் கூட்டி வாருங்கள்.

வேலிக்கட்டை சாய்ந்திருப்பது, தென்னையின் அடி வளைந்திருப்பது, மேட்டின் நடுவில் ஒரு வீக்கம், கோடையிலும் பச்சையாக நிற்கும் புல், காரணம் தெரியாமல் இறுகிப்போன கதவு, இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் மண் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கிறது.

மண்ணைக் கையில் எடுங்கள்

மேட்டின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் ஒவ்வொரு பிடி மண் எடுங்கள். கற்களைப் பொறுக்கிவிட்டு, ஒரு சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மிச்சம் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் நிமிடத்தில் அடியில் படிவது மணல். அதற்கு மேல் சில மணி நேரத்தில் படிவது வண்டல். அடுத்த நாள்வரை தண்ணீரைக் கலங்கலாக வைத்திருந்து மெல்லப் படிவது களி. மூன்று படையையும் அடிமட்டத்தால் அளந்தால் உங்கள் மேடு கொட்டுமழைக்குப் பயப்பட வேண்டியதா, நாள்மழைக்குப் பயப்பட வேண்டியதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை இதைவிடச் சின்னது, எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடி தம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குக் கிட்டிய கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பு இருந்தால் சோதனை பிழைத்துவிடும். காய்ந்த மண்கட்டி ஒன்று, கச்சான்கொட்டை அளவில், மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்காதீர்கள், தட்டாதீர்கள். முதலில் சின்னக் காற்றுக்குமிழ்கள் வரிசையாக மேலே வரும். அப்புறம் மூன்றில் ஒன்று நடக்கும். கட்டி கட்டியாகவே இருக்கலாம், அது நல்ல மண். பொரிபொரியாக உதிர்ந்து குவியலாகி, தண்ணீர் மட்டும் தெளிவாக இருக்கலாம். அந்த மண் மழையில் கரைந்து இறங்கும், மேலே புல் மூட வேண்டும். மூன்றாவது, கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல ஒரு புகை கிளம்பித் தம்ளரின் அடியில் பரவும். பத்து நிமிடத்திலேயே தெரியும், சிலவேளை ஒரு மணி நேரம் ஆகும். அந்த மண்ணை நம்பக் கூடாது. தண்ணீர் போகும் சின்ன ஓட்டையைக்கூட அது தானே கரைந்து கரைந்து குகையாக்கிவிடும். அப்படிப்பட்ட மண்ணைக் குளக்கட்டுக்கோ, மதிலுக்குப் பின்னால் நிரப்பவோ போடாதீர்கள், டிப்பர்காரர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இது மழை நேரத்தில் குடையோடு வெளியே போய்ப் பார்க்க வேண்டிய வேலை. முதல் பெரிய மழை பெய்யும்போது வளவுக்குள் நடந்து, தண்ணீர் ஓடும் வழியைக் கொப்பியில் அம்புக்குறி போட்டு வரையுங்கள்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். ஒரு சதுரமீற்றரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லீற்றர். ஆயிரம் சதுர அடிக் கூரை 93 சதுரமீற்றர். 100 மி.மீ. பெய்தால் அந்தக் கூரை மட்டும் 9,300 லீற்றர் தண்ணீரை இறக்கும். வீட்டுக்கு மேல் வைக்கும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கிகள் ஒன்பது நிறையக் கொள்ளும் தண்ணீர். மேலே இருக்கும் வீட்டின் பீலி அதை எங்கே விடுகிறது? எங்கள் விசயத்தில் மேல்வீட்டுப் பீலிக்குழாய் விளிம்பிலிருந்து நாலடி தள்ளித் திறந்தபடி கிடந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. குழாய் அந்த அளவில் முடிந்தது, மண் குடித்துக்கொண்டது, எவருக்கும் தண்ணீர் தேங்கியது தெரியவில்லை. அயலவரோடு இதைப் பேசுவதென்றால் கோடையில் பேசுங்கள். மழைக்குள் பேசினால் சண்டையாகத்தான் முடியும். நாங்கள் பேசியபோது அந்த வீட்டு அண்ணன், "தம்பி, குழாய் உங்கட, வேலை என்ட" என்று சொல்லி இரண்டு மணி நேரத்தில் மாற்றித் தந்தார்.

குளிக்கிற இடத்துத் தண்ணீர், மலசலகூடக் குழி, கசியும் தண்ணீர்க்குழாய், மேட்டின் மேல் இருக்கும் வாழைக்குத் தினமும் இறைக்கும் தண்ணீர் ஆகியவை மழையில்லாத நாளிலும் மண்ணை ஊற வைக்கின்றன. மாரி தொடங்கும்போது அந்த மேடு ஏற்கெனவே பாதி நிரம்பித்தான் இருக்கும். மேட்டின் விளிம்புக்குக் கிட்ட மலசலகூடக் குழி வெட்டவே வேண்டாம்.

மழையை அளக்க ஒரு போத்தல்

இரண்டு லீற்றர் போத்தல் ஒன்றின் தலையை வெட்டிக் கவிழ்த்து, புனல்போல அதே போத்தலுக்குள் வையுங்கள். அடியில் நெளிவுகள் இருந்தால் கொஞ்சம் சீமெந்து விட்டு மட்டமாக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அடிமட்டம் ஒட்டி, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் கட்டைக்குக் கட்டிவிடுங்கள். போத்தல் மேலிருந்து கீழ் ஒரே அகலமாக இருக்க வேண்டும், அது மட்டும் முக்கியம். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்தைத்தான் கணக்கெடுக்கிறது. நீங்களும் காலை 8.30க்குப் பார்த்து எழுதி, போத்தலைக் கவிழ்த்துவிடுங்கள்.

எந்த அளவுக்குப் பயப்படுவது? மலையகத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு இருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம். அது மலைச்சாய்வுகளுக்கான கணக்கு, எங்கள் எட்டடி மேட்டுக்கு அப்படியே பொருந்தும் என்றில்லை. நான் அதைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, கூடவே கடைசி மூன்று நாளின் கூட்டுத்தொகையையும் எழுதுகிறேன். ஒருநாள் 60 மி.மீ. என்றால் பெரிதாக யோசிக்க மாட்டேன். 60, 50, 60 என்று மூன்று நாள் வந்தால் அடுப்படிப் பக்கம் யாரையும் படுக்க விடமாட்டேன். இரண்டு மாரிக்கு எழுதி வைத்தால், எத்தனை மி.மீ.க்கு மேட்டின் அடியில் ஊற்று எடுக்கிறது என்று உங்கள் கொப்பியே சொல்லும். அந்த இலக்கம் உங்கள் காணிக்கு மட்டும் உரியது, வேறெங்கும் கிடைக்காது.

தண்ணீருக்கு வழி விடும் வேலைகள்

மதில் கட்டுவதற்கு முன் வாய்க்கால். எவ்வளவு குறைந்த காசு இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மேட்டின் விளிம்புக்கு மேலே, ஐந்தாறடி உள்ளே தள்ளி, மேலிருந்து வரும் தண்ணீரை மறித்துப் பக்கத்தால் கொண்டுபோகும் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அடியைச் சீமெந்து பூசியோ, பாதி வெட்டிய பிவிசி குழாய் பதித்தோ மூட வேண்டும். வெறும் மண்வாய்க்கால் விட்டால் விளிம்புக்குப் பக்கத்தில் நீங்களே தண்ணீர் தேக்கியதாகிவிடும், இல்லாததைவிட அது மோசம். ஒவ்வொரு பத்தடிக்கும் ஓரிரு அங்குலமாவது சாய்வு கொடுத்து, அயலவரின் மேட்டுக்குள் விடாமல் பொது வடிகாலில் சேருங்கள். மேட்டின் அடியிலும் இதேபோல ஒன்று. அடி வாய்க்காலை ஆழமாக வெட்டாதீர்கள், சாய்வு நிற்பதே அடியில் இருக்கும் மண்ணின் பலத்தில்.

வெடிப்புகளைக் களிமண்ணால் இறுக்கி, அலவாங்கின் மொட்டை முனையால் இடித்து மூடுங்கள். நேரமில்லையென்றால் தறப்பாள் விரித்து, விளிம்புக்கு மேலே நாலைந்தடி வரை போகும்படி மண்மூட்டைகளால் அழுத்தி வையுங்கள். வெடிப்புக்கு மேல் மட்டும் போட்டால் பயனில்லை.

சாய்வைக் குறைக்க இடமிருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. மணல் கூடிய மண்ணில் ஓரடி உயரத்துக்கு ஒன்றரை, இரண்டடி படுக்கை கொடுங்கள். வெட்டிய மண்ணை மேல் விளிம்பில் குவிக்காதீர்கள். பத்தடிக்கு மேல் உயரமென்றால் நீங்களும் மேசனும் மட்டும் முடிவெடுக்கும் வேலை அல்ல அது.

படுக்க வைத்த சாய்வில் வெட்டிவேர் நடுங்கள். வேர் நேராக இரண்டு, மூன்று மீற்றர் கீழே இறங்கும், பக்கவாட்டில் பரவிப் பயிரைக் கெடுக்காது. சாய்வுக்குக் குறுக்கே வரிசையாக, செடிக்குச் செடி நாலு முதல் ஆறு அங்குலம், வரிசைக்கு வரிசை உயரத்தில் மூன்றடி. ஐப்பசி முதல் மழையோடு நட்டால் மாரித்தண்ணீரே வளர்த்துவிடும். ஆனால் அந்த வருடம் அதை நம்பாதீர்கள், வேர் பிடிக்க ஒரு மாரியாவது போக வேண்டும். மேட்டின் விளிம்பில் பெரிய மரம் வைப்பதை நான் விரும்பவில்லை. காற்றில் ஆடும்போது மண்ணை நெம்பும். எங்கள் முருங்கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

இனி மதில். எங்கள் வளவில் முதலில் இருந்த சின்ன மதிலைக் கட்டியவர் தண்ணீர்த் துளை ஒன்றுகூட வைக்கவில்லை. "ஓட்டை வைச்சா மதில் பழுதாப் போகும், பார்க்கவும் வடிவில்லை" என்று சொன்னாராம். கணக்கைப் பாருங்கள். ஆறடி மதிலுக்குப் பின்னால் காய்ந்த மண் நின்றால், மதிலின் ஒரு மீற்றர் நீளத்தை அது ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளும். அதே மண்ணில் மேல்வரை தண்ணீர் தேங்கினால் தள்ளுவது இரண்டு தொன்னுக்கு மேல். மதிலைத் தடிப்பாக்குவதைவிடத் தண்ணீரை வெளியே விடுவது எவ்வளவோ மலிவு. மூன்று அங்குலக் குழாய்த் துண்டுகளை நாலைந்தடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வையுங்கள். முதல் வரிசை தரையிலிருந்து அரையடிக்குள் இருக்கட்டும். மதிலுக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சல்லிக்கல் நிரப்புங்கள். சல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணை மறிக்கும் துணி போட வேண்டும். ஜியோடெக்ஸ்டைல் என்று கேளுங்கள். சீமெந்துப் பையைத் துணிக்குப் பதிலாகப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன், அது இரண்டாம் மாரியில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு புரட்டாதியிலும் கம்பி விட்டுத் துளைகளைக் குத்திப் பாருங்கள், குளவிக்கூடும் இருக்கும்.

பள்ளக்காணியை நிரப்புகிறவர்கள் டிப்பர் கொட்டிய மண்ணை அப்படியே பரப்பிவிட்டு மேலே மட்டும் உருளை ஓட்டுகிறார்கள். ஆறு அங்குலப் படைகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். மண் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்றால், கைக்குள் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது, விரலால் குத்தினால் இரண்டாக உடைய வேண்டும்.

குழி, கிணறு, குளக்கட்டு

மாரியில் நாலடிக்கு மேல் குழிக்குள் ஆள் இறங்குவதென்றால் பக்கங்களைப் பலகை கொடுத்து முட்டுக்கட்ட வேண்டும், அல்லது படியாக வெட்ட வேண்டும். வெளியே போட்ட மண் குழியின் விளிம்பிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். "பத்து நிமிச வேலைதானே" என்று இறங்குவதைத் தடுங்கள், கூலிக்கு வந்தவர் என்றால் இன்னும் கண்டிப்பாகத் தடுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்.

குளக்கட்டு என்றால் எங்கள் மாவட்டத்தில் கந்தளாய்தான் நினைவுக்கு வரும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கட்டு உடைந்து 120க்கும் மேற்பட்டோர் போனார்கள். அது மாரியில் நடந்ததல்ல, ஆனாலும் மண்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு கதை வேண்டாம். கட்டின் வெளிப்பக்கம் அடியில் கசிவு தெளிவாக, தினமும் ஒரே அளவில் வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால் கட்டின் மண்ணே வெளியே வருகிறது என்று பொருள். அதை அந்த நேரமே கமநல சேவை நிலையத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். குளத்துத் தண்ணீர் திடீரென்று இறங்கும்போது உள்பக்கச் சாய்வும் சரியலாம். வெளியே தாங்கிய தண்ணீர் போய்விட்டது, மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் இன்னும் போகவில்லை, அதனால்.

மழை நாளில்

விளிம்பு வெடிப்புக்கு இரு பக்கமும் இரண்டு முளை அடித்து, நடுத் தூரத்தைக் காலையும் மாலையும் ஒரே நாடாவால் அளந்து எழுதுங்கள். மூன்று மி.மீ., நாலு மி.மீ. என்று மெல்லக் கூடி நின்றுவிட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு அளவிலும் முன்னதைவிடக் கூடக் கூடினால் அன்றிரவு அந்த வீட்டில் தங்காதீர்கள். நில்லாமல் ஓடிய ஊற்று திடீரென்று நின்றாலும், தெளிந்த ஊற்று கலங்கினாலும், மேட்டிலிருந்து சின்னக் கற்கள் உருண்டாலும் அளந்துகொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு நேர் எதிரே ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

மழை விட்ட பிறகு எத்தனை நாள் பொறுப்பது? மணல்மேடு என்றால் ஒரு நாள். களி கலந்தது என்றால் அடியில் ஊற்று வற்றி, முளைகளின் தூரம் மூன்று நாள் மாறாமல் இருக்கும்வரை.

சரிந்த மண்ணை அள்ளுவதும் ஒரு வேலைதான். எங்கள் வளவுக்கு அன்றே அயலவர்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். எல்லாரும் சுவருக்குப் பக்கத்தில் நின்று அடியிலிருந்து வெட்டத் தொடங்கினோம். கால் மணி நேரத்தில் மேலே இன்னொரு வெடிப்பு வாய் திறந்ததை அம்மாதான் கண்டு கத்தினார். விழுந்து கிடக்கும் மண்தான் விழாமல் நிற்கும் மண்ணுக்கு அந்த நேரம் முட்டு. அதை அடியிலிருந்து எடுக்கக் கூடாது. நாங்கள் மண்வெட்டிகளை வைத்துவிட்டு, தறப்பாள் வாங்கி வந்து மேலே மூடினோம், அடுப்பை முன்விறாந்தைக்கு மாற்றினோம். ஏழு நாள் அந்த மண்ணைத் தொடவில்லை. எட்டாம் நாள் மேலிருந்து, ஒருவர் விளிம்பைப் பார்த்து நிற்க, இரண்டிரண்டு பேராக இறக்கத் தொடங்கினோம். இரண்டு கியூப் மண்ணும் முடிய இன்னும் நாலு நாள் எடுத்தது.